கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டுச் சாமான் முடை: சமாளிப்பது எப்படி?

(அங்கத்தினர் படிப்பு வட்டத்திற்குரிய பாடம்)

2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 24-ஆம் நாளை நம்மில் எவரும் எளிதில் மறந்துவிட இயலாது. அன்று மாலை 6 மணி முதல் தமிழ்நாட்டில் தடையுத்தரவு அமலுக்கு வந்தது. அன்றிரவே நாடு முழுவதற்கும் 21 நாள் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. கேட்டவர்கள் பையை எடுத்துக்கொண்டு கடைவீதிக்கு விரைந்தனர். அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு, பால்மாவு ஆகியவற்றை அகப்பட்ட அளவு வாங்கிச் சென்றனர். பிந்தி வந்தவர்கள் வெறும் பையுடன் திரும்பினர்.

பிந்தி வந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். அன்றன்று நெய்து, அன்றன்று கூலி பெற்று, அன்றன்று சாமான் வாங்கும் குடும்பத்தார் அவர்கள். மறுநாள் வேண்டியதை இன்றே வாங்கி வைக்க அவர்கள் கையில் காசு இல்லை. முந்தி வந்தவர் தேவைக்கு மேல் எடுத்துச் சென்ற ஒவ்வொரு பொட்டலமும் அவர்களுடைய பங்கிலிருந்து போனதேயாகும்.

கொரோனாத் தொற்று இன்று ஊரடங்கு காலத்துக் கொடுமையுடன் இல்லை. ஆயினும், கொள்ளைநோய் உலகை விட்டு அடியோடு நீங்கிவிட்டதென்று எவரும் உறுதி கூற முடியாது. நோய் தணிந்திருக்கும் காலமே பாடம் கற்பதற்கு ஏற்ற காலம். ஆகவே, சாமான் முடை எதனால் வருகிறது, அதை ஓர் இல்லம் எவ்வாறு தாங்கலாம், அண்டை வீட்டாருக்குத் தீங்கு நேராமல் அதைச் செய்வது எப்படி என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

1. முடையின் நான்கு வகைகள்

எல்லா முடையும் ஒரே தன்மையன அல்ல. எவ்வகை முடை என்று அறியாமல் பரிகாரம் தேடுவது, நோய் இன்னதென்று அறியாமல் மருந்து உண்பதை ஒக்கும்.

முதல் வகை, உண்மையான முடை. பொருளின் தேவை திடீரெனப் பன்மடங்காகப் பெருகும். ஆக்கமோ அதே வேகத்தில் பெருகாது. 2020-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முகக்கவசமும், சானிடைசர் எனப்பட்ட கைத்தூய்மி நீர்மமும் இவ்வாறாயின. அதற்கு முன் மருத்துவமனைகளில் மட்டுமே பெரிதும் பயன்பட்ட இவ்விரண்டும், ஒரு திங்களுக்குள் ஒவ்வொரு வீட்டுக்கும் தேவையாயின. மத்திய அரசாங்கம் மார்ச்சு 13-ஆம் தேதி இவற்றை அத்தியாவசியப் பண்டங்களாக அறிவித்தது. பின்னர், சானிடைசர் 200 மில்லி லிட்டருக்கு ரூ. 100, இரண்டடுக்கு முகக்கவசத்திற்கு ரூ. 8, மூன்றடுக்கிற்கு ரூ. 10 என உச்சவரம்பும் விதித்தது.

இரண்டாம் வகை, இடம் மாறிய முடை. இவ்வகையில் பொருள் இருக்கிறது; ஆனால் வேண்டிய இடத்தில், வேண்டிய உருவில் இல்லை. விவசாயிகளான நம் அங்கத்தினர்கள் இதை நன்கு அறிவர். உணவு விடுதிகளும், தேநீர்க் கடைகளும், கலியாண மண்டபங்களும் ஒரே நாளில் மூடப்பட்டன. அவற்றுக்காக விளைந்த காய்கறிகளும் வாழையிலையும் பூவும் வயலிலேயே வாடின. அதே வாரத்தில் நகரத்து இல்லங்களில் காய்கறிக்குத் தட்டுப்பாடு. 2020 மே மாதம் சென்னைக் கோயம்பேடு அங்காடியில் தொற்றுப் பரவி, அது மூடப்பட்டபோது இந்நிலை மேலும் கடுமையாயிற்று. அங்காடி திருமழிசைக்கு மாற்றப்பட்டு, வண்டிகள் புது வழி காணும்வரை விளைவித்தவரும் நலிந்தனர்; உண்பவரும் நலிந்தனர்.

இது நம் நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று. இங்கிலாந்தில் அவ்வாண்டு கடைகளில் கோதுமை மாவு கிடைக்கவில்லை. ஆனால் அந்நாட்டு மாவு ஆலைகளில் மாவுக்குக் குறைவில்லை. அங்கே ஆகும் மாவில் ஏறத்தாழ 4 விழுக்காடே சிறு பைகளில் கடைகளுக்குச் செல்வது வழக்கம். எஞ்சியது ரொட்டிச் சாலைகளுக்கும் பிற உணவுத் தொழில்களுக்கும் பெரும் மூட்டைகளாகவும், தொட்டி வண்டிகளிலும் செல்லும். எல்லோரும் வீட்டில் ரொட்டி சுடத் தொடங்கியபோது, குறைந்தது மாவு அன்று. சிறு பைகளில் அடைக்கும் இயந்திர வசதியே குறைந்தது.

மூன்றாம் வகை, அச்சத்தால் விளைந்த முடை. பொருளும் இருக்கிறது, வழியும் திறந்திருக்கிறது. ஆயினும், தீர்ந்துவிடும் என்ற அச்சத்தால் எல்லோரும் ஒரே நாளில் வாங்குவதால் தீர்ந்துவிடுகிறது. இதை அடுத்த பகுதியில் கணக்கிட்டுப் பார்ப்போம்.

நான்காம் வகை, கைப்பொருள் முடை. கடையில் பண்டம் நிறைந்திருக்கும், வாங்கக் காசிராது. ஊரடங்கில் நூல் வரவில்லை. நெய்த சேலை விற்கவில்லை. கோடைக்காலத்துக் கலியாண விற்பனை கைநழுவியது. அந்நாளில் நெசவாளர் இல்லங்களை மிகவும் வாட்டியது இந்த நான்காம் முடையே. இதற்குச் சிக்கனம் மட்டும் மருந்தாகாது. அரசாங்கத்தின் உதவியும், சங்கத்தின் கடன் வசதியும் வேண்டும்.

2. ஒரு சிறு கணக்கு

ஓர் ஊரில் 100 குடும்பங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒரு குடும்பத்திற்கு வாரத்திற்கு ஒரு சோப்பு வேண்டும். அவ்வூர்ப் பண்டகசாலைக்கு வாரந்தோறும் 100 சோப்புகள் வருகின்றன. ஆகவே, சாதாரண நாளில் குறைவும் இல்லை, மிகுதியும் இல்லை.

இப்போது நோயைப் பற்றிய செய்தி வருகிறது. முதல் வாரம் கையில் காசுள்ள 20 குடும்பங்கள் ஆளுக்கு 5 சோப்பு வாங்குகின்றன. 20 × 5 = 100. முதல் நாளே அலமாரி காலி. எஞ்சிய 80 குடும்பங்களுக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாம் வாரம் மீண்டும் 100 சோப்பு வருகிறது. சென்ற வாரம் ஏமாந்தவர்கள் இம்முறை விடியுமுன் வந்து நிற்கின்றனர். இனியும் கிடைக்காதோ என அஞ்சி ஆளுக்கு 2 வாங்குகின்றனர். 50 குடும்பங்களுடன் சரக்கு தீர்கிறது. 30 குடும்பங்களுக்கு இரண்டாம் வாரமும் இல்லை.

ஆலையில் ஒரு சோப்புக்கூடக் குறையவில்லை, வண்டியும் நிற்கவில்லை. ஆயினும், 30 குடும்பத்தார் இரண்டு வாரம் கைகழுவச் சோப்பின்றி இருந்தனர். அவர்களிடம் தொற்று வந்தால், அது ஐந்து சோப்பு வாங்கியவர் வீட்டுக்கும் வரும். சோப்பை அடுக்கி வைத்தவர் நோயை விலக்கிக்கொள்ளவில்லை. தம் தெருவிலேயே அதற்கு இடம் கொடுத்தார்.

இதே 100 சோப்பை, "குடும்பத்திற்கு ஒன்று" என்று பண்டகசாலை முதல் நாளிலிருந்தே வரையறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? நூறு குடும்பங்களுக்கும் கிடைத்திருக்கும். விடியற்காலை வரிசையும் இல்லை, விலையேற்றமும் இல்லை. சரக்கின் அளவு ஒன்றே. பங்கிடும் முறைதான் வேறு.

3. நூறாண்டுக்கு முந்திய படிப்பினை

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், 1918-ஆம் ஆண்டில் இன்ஃபுளுயன்சா என்னும் கொள்ளைநோய் இந்தியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கவர்ந்தது. அப்போது முதல் உலகப்போர் முடியும் தறுவாயில் இருந்தது. துணி, மண்ணெண்ணெய் முதலியவற்றின் விலை ஏறியிருந்தது. அவ்வாண்டுத் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. செப்டம்பர் மாதத்தில் சென்னை நகரிலும், மாகாணத்தின் வேறு ஊர்களிலும் தானியக் கடைகளும் துணிக்கடைகளும் சூறையாடப்பட்டன. பண்டம் பதுக்கப்படுகிறது, விலை வேண்டுமென்றே ஏற்றப்படுகிறது என்ற சினமே மக்களை அதற்குத் தூண்டியது.

2020-இல் நிலைமை அந்த அளவிற்குச் செல்லவில்லை. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, ஊர்தோறும் நியாயவிலைக் கடை இருந்தமை. தமிழ்நாட்டில் இக்கடைகளுள் மிகப் பெரும்பாலானவற்றைக் கூட்டுறவுச் சங்கங்களே நடத்துகின்றன. 2020 ஏப்ரலில் அரிசிக் குடும்ப அட்டைதாரர்களுக்கு ரூ. 1,000 ரொக்கமும், அரிசி, பருப்பு, சர்க்கரை, சமையல் எண்ணெய் ஆகியனவும் இக்கடைகளின் வழியே வழங்கப்பட்டன. கூட்டத்தைத் தவிர்க்க நாளும் நேரமும் குறித்த டோக்கன்கள் கொடுக்கப்பட்டன. தனக்குரிய பங்கு தனக்காகக் காத்திருக்கிறது என்ற நம்பிக்கை உள்ளவன் அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடுவதில்லை.

4. பொருளின் பெயரை விடுத்து, அதன் வேலையை நோக்குக

ஒரு பண்டம் கிடைக்காதபோது, "இதன் வேலை என்ன? அந்த வேலையை வேறு எது செய்யும்?" என்று கேட்க வேண்டும். அப்போது பல முடைகள் பாதியாகக் குறைந்துவிடும்.

(அ) சானிடைசர்: இதன் வேலை கையிலுள்ள கிருமியை அழிப்பது. அவ்வேலையைச் சோப்பும் தண்ணீரும் செவ்வனே செய்யும். கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பாலான ஓர் உறை உண்டு. சோப்பு அவ்வுறையைச் சிதைத்துவிடும். குளியல் சோப்பே வேண்டும் என்பதில்லை. துணி துவைக்கும் சோப்பும் போதும். விரலிடுக்கு, நகக்கண், புறங்கை ஆகிய இடங்களில் படுமாறு 20 விநாடி தேய்த்துக் கழுவுதலே இன்றியமையாதது. தண்ணீரும் சோப்பும் இல்லாத இடத்திற்கு மட்டும் சானிடைசரை ஒதுக்கினால், ஒரு சிறு குப்பி பல நாள் வரும். அதில் பெரும்பகுதி சாராயச் சத்து ஆதலால், அடுப்பருகே வைக்கலாகாது.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேலையைப் பார்க்காமல் தோற்றத்தை மட்டும் பார்த்து மாற்றுப் பொருள் தேடுவது ஆபத்து. மதுக்கடைகள் மூடியிருந்த 2020 சூலையில் ஆந்திர மாநிலம் பிரகாசம் மாவட்டத்தில், மதுவுக்கு மாற்றாகச் சானிடைசரைக் குடித்தவர் பலர் மாண்டனர். பூந்திக்கொட்டையும் சீயக்காயும் நுரைக்கின்றன. பட்டுச் சேலையை அலசப் பூந்திக்கொட்டைக்கு நிகரில்லை. ஆயினும், நோய்க்காலத்தில் கைகழுவுவதற்குச் சோப்பையே நம்புக. அவற்றைத் தலைக்கும் துணிக்கும் பயன்படுத்தினால், அந்த அளவு சோப்பு கைக்கு மிச்சமாகும்.

(ஆ) பிளீச்சிங் பவுடர்: நூல் வெளுப்பவர்களுக்கு இது பழக்கமான பொருள். புதிய தூளாயின் 10 லிட்டர் வாளித் தண்ணீருக்கு ஏறத்தாழ 35 கிராம் கலந்தால் தரை, கழிப்பிடம் ஆகியவற்றைத் துடைக்கப் போதும். ஈரத்திலும் வெப்பத்திலும் தூளின் வீரியம் குறையும். ஆகவே நிறைய வாங்கி வைப்பதில் பயனில்லை. கழிப்பறை கழுவும் ஆசிட்டுடன் இதை ஒருபோதும் சேர்க்கலாகாது. மூச்சை அடைக்கும் நச்சுவாயு எழும். கொரோனா பெரும்பாலும் காற்றின் வழியே பரவுகிறது, தரையையும் பொருள்களையும் தொடுவதால் பரவுவது குறைவு என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆதலின், தரைக்கு மருந்து தெளிப்பதைவிடத் தறிக்கூடத்தின் சன்னல்களைத் திறந்து வைப்பது மேல்.

(இ) முகக்கவசம்: மருத்துவமனைக்குரிய உயர்ந்த வகை முகக்கவசத்திற்குத் துணி நிகராகாது. அவ்வகை குறைவாக உள்ள காலத்தில் அதை நோயாளியைத் தொட்டுப் பணிசெய்வோருக்கே விட்டுவிட வேண்டும். மற்றவர்களுக்கு, ஓரளவு காப்பளிக்கத் துணிக்கவசம் உதவும். 2020 ஏப்ரல் முதல் வாரத்தில் மத்திய சுகாதார அமைச்சகமும், வீட்டில் தைத்த கவசத்தைப் பொதுமக்கள் அணியலாம் என்று கூறிற்று.

எந்தத் துணி சிறந்தது என்பதை நெசவாளருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. துணியை வெளிச்சத்திற்கு நேரே பிடித்தால், பாவுக்கும் ஊடைக்கும் இடையே ஒளி மிகுதியாகத் தெரியக் கூடாது. நெருக்கமாக நெய்த பருத்தித் துணியை இரண்டு மூன்று அடுக்காக மடித்துத் தைக்க வேண்டும். மூச்சுத் திணறும் அளவுக்குத் தடித்தால், காற்று பக்கவாட்டில் கசிந்து பயன் கெடும். மூக்கிலிருந்து முகவாய் வரை இடைவெளியின்றிப் பொருந்துதல் அடுக்கின் எண்ணிக்கைக்குக் குறைந்ததன்று. தறியிலிருந்து இறங்கிய புதுத்துணியாயின், கஞ்சி முழுவதும் போகும்படி வெந்நீரில் அலசிய பிறகே தைக்க வேண்டும். நாள்தோறும் சோப்பிட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்த, ஆளுக்கு இரண்டு கவசமேனும் இருப்பது நன்று.

(ஈ) மாதவிலக்கு அணையாடை: பேச்சில் இதை ஒதுக்குவதால் தேவை மறைந்துவிடுவதில்லை. ஊரடங்கின் முதல் நாள்களில் கடைகளில் நாப்கின் கிடைப்பது அரிதாயிற்று. பள்ளிகள் மூடப்பட்டதால், அங்கே இலவசமாகப் பெற்றுவந்த சிறுமியரும் இடர்ப்பட்டனர். மார்ச்சு 29-ஆம் தேதிதான், இதுவும் தடையின்றி எடுத்துச் செல்லத்தக்க சுகாதாரப் பண்டங்களுள் அடங்கும் என்று மத்திய உள்துறை தெளிவுபடுத்தியது. ஆண்கள் மட்டும் கூடிப் பட்டியல் போடும் இடங்களில் இத்தகைய பண்டம் விடுபட்டுப் போவது இயல்பு. இல்லத்துப் பட்டியலையும், சங்கத்துப் பட்டியலையும் தாய்மார்களைக் கேட்டே எழுத வேண்டும்.

கஞ்சி போக்கிய மெல்லிய பருத்தித் துணியைப் பல மடிப்பாகத் தைத்துக்கொண்டால் அது நல்ல மாற்றாகும். பயன்படுத்திய பின் முதலில் குளிர்ந்த நீரில் அலசி, பிறகு சோப்பிட்டுத் துவைத்து, நல்ல வெயிலில் உலர்த்த வேண்டும். கூச்சத்தால் இருட்டறையில் உலர்த்துவதே நோய்க்கு இடமளிக்கும், துணியால் தீங்கில்லை.

(உ) காய்கறி: விலைபோகாமல் தேங்கும் காலத்தில் விவசாயி வீட்டில் செய்யத்தக்கது வற்றல். சுண்டை, மணத்தக்காளி, கொத்தவரை, பாகல், மிளகாய் ஆகியன உப்பும் மோரும் சேர்த்து உலர்த்த ஏற்றவை. ஒடித்தால் ஒடியும் பதம்வரை உலர வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறதென்று பொருள். பூஞ்சை கண்டதை எறிந்துவிடுக. தக்காளியைப் புளியும் எண்ணெயும் சேர்த்துத் தொக்காக்கலாம். ஆனால் காய்களை வெறுந்தண்ணீரில் வேகவைத்துக் காற்றுப் புகாத புட்டிகளில் அடைத்து வைக்கும் முறையை வீட்டில் முயல வேண்டா. அதில் கண்ணுக்குத் தெரியாத கொடிய நஞ்சு உண்டாகக்கூடும். நகரத்திலுள்ள நெசவாளர் இல்லத்திற்கு முருங்கைக்கீரையும், முளைகட்டிய பயறும் காய் இல்லாத நாளில் கைகொடுக்கும்.

(ஊ) எரிபொருள்: சமையல் எரிவாயுவைத் தேவைக்கு முன்பே பலர் பதிவு செய்ததால், ஒரு பதிவுக்கும் அடுத்ததற்கும் இடையே 15 நாள் இடைவெளி வேண்டும் என்று 2020 மார்ச்சில் விதிக்கப்பட்டது. பருப்பையும் அரிசியையும் முன்கூட்டி ஊறவைத்தல், பாத்திரத்தை மூடிச் சமைத்தல், சோறும் பருப்பும் ஒரே குக்கரில் அடுக்காக வைத்தல் ஆகிய சிறு பழக்கங்களால் சிலிண்டர் சில நாள் கூடுதலாக வரும்.

(எ) மருந்து: இதற்கு மட்டும் மாற்றுத் தேடலாகாது. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், காசம் முதலியவற்றிற்கு மருத்துவர் தந்த மருந்து ஒரு மாத அளவேனும் கையிருப்பில் இருக்க வேண்டும். அதே சமயம், செய்தியைக் கேட்டுத் தமக்கு வேண்டாத மருந்தை வாங்கி அடுக்குவது பெருந்தீங்கு. 2020 மார்ச்சில் ஹைடிராக்சிகுளோரோகுயின் கொரோனாவைத் தீர்க்கும் என்ற பேச்சுப் பரவியதும் பல நாடுகளில் மக்கள் அதை வாங்கிக் குவித்தனர். லூபஸ், முடக்குவாதம் ஆகியவற்றிற்காக அதையே நம்பி வாழும் நோயாளிகள் கிடைக்காமல் திண்டாடினர். அம்மருந்து கொரோனாவுக்குப் பயன் தரவில்லை என்பது அவ்வாண்டு நடுவிலேயே பெரும் ஆய்வுகளால் வெளியாயிற்று. வாங்கியவருக்கும் பயனில்லை, வேண்டியவருக்கும் இல்லாமற் போயிற்று.

5. இல்லத்தின் இருப்புக் கணக்கு

சேமிப்பு வேறு, பதுக்கல் வேறு. விதைநெல்லைப் பிரித்து வைக்கும் விவசாயியை எவரும் பதுக்கல்காரர் என்பதில்லை. அமைதியான காலத்தில், ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாகக் கூடுதலாக வாங்கி இரண்டு வாரத்து இருப்பை உண்டாக்கினால், அது சேமிப்பு. அதனால் கடை காலியாவதில்லை. அச்சம் பரவிய நாளில் இரண்டு மாதத்துச் சாமானை ஒருசேர வாங்கினால், அது பதுக்கல். முன்னே சேமித்தவர் முடை நாளில் கடைக்கு வராமல் இருப்பதே, சேமிக்க இயலாதவருக்கு அவர் செய்யும் உதவியாகும்.

இதற்கு முதலில் தம் வீட்டின் அளவை அறிய வேண்டும். சோப்பைப் பிரிக்கும்போது அதன் உறையில் தேதியைக் குறித்து வையுங்கள். எண்ணெய்ப் பொட்டலம், உப்பு, தீப்பெட்டி, எரிவாயு ஆகியவற்றிற்கும் அவ்வாறே செய்யுங்கள். இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டின் உண்மையான தேவை தெரிந்துவிடும். பெரும்பாலும் அது நாம் நினைத்ததைவிடக் குறைவாகவே இருக்கும்.

பின்னர் ஒரு தாளில் மூன்று பட்டியல் எழுதுக. முதலாவது, ஒரு நாள் இல்லாவிடினும் தீங்கு நேரும் பண்டங்கள்: மருந்து, குழந்தைக்குரிய பால், குடிநீர், அரிசி, உப்பு, எரிபொருள். இரண்டாவது, மாற்றுப் பொருள் உள்ளவை: சானிடைசர், காய்கறி, தலைக்குத் தேய்ப்பவை. மூன்றாவது, ஒரு மாதம் பொறுக்கத்தக்கவை. கையிலுள்ள காசு குறைவாயின், அது முதற்பட்டியலுக்கே செல்ல வேண்டும். அச்ச நாளில் கடைக்குச் செல்பவர் இத்தாளைக் கையில் கொண்டு செல்க. தாளில் இல்லாததை வாங்கற்க.

இருப்பைக் காப்பதும் கணக்கில் சேர்ந்ததே. அரிசிப் பானையில் உலர்ந்த வேப்பிலையும் மிளகாய் வற்றலும் இடுவது, துவரைக்குச் செம்மண் கட்டுவது, பருப்பில் சிறிது விளக்கெண்ணெய் தடவுவது ஆகியன நம் பாட்டிமார் கையாண்ட முறைகள். பழையதை முன்னும் புதியதைப் பின்னும் வைத்து, பழையதை முதலில் செலவிட வேண்டும். புழுத்துப்போன சேமிப்பு எவருக்கும் உதவாது.

6. சங்கம் செய்யத்தக்கவை

தனி இல்லத்தால் ஆகாதவை சில உண்டு. அவற்றிற்குச் சங்கம் முன்வர வேண்டும்.

ஒன்று, வரையறையை முதல் நாளே விதித்தல். அலமாரி பாதி காலியான பிறகு விதிக்கும் வரையறை, முந்தி வந்தவர்களுக்கு அளித்த பரிசாக முடியும். தலைவர், செயலாளர், இயக்குநர்கள் ஆகியோரின் வீட்டுக்கும் அதே வரையறை என்பதை எல்லோரும் காணச் செய்ய வேண்டும்.

இரண்டு, இருப்பையும் விலையையும் நாள்தோறும் கரும்பலகையில் எழுதுதல். "அரிசி இத்தனை மூட்டை, சோப்பு இத்தனை, அடுத்த வண்டி வெள்ளிக்கிழமை" என்ற மூன்று வரி, வதந்தியைத் தடுக்கும். சரக்கு இல்லையாயின், இல்லை என்றே எழுத வேண்டும். உண்மையை மறைத்த பலகையை மறுநாள் எவரும் நம்பார்.

மூன்று, வர இயலாதவரிடம் கொண்டு செல்லுதல். தொற்றுக் கண்ட வீட்டார், முதியோர், தனித்து வாழும் பெண்கள், பிள்ளைபெற்ற தாய்மார் ஆகியோரின் பட்டியல் முன்கூட்டியே இருக்க வேண்டும். தொற்றுக் கண்ட வீட்டைக் கண்டு விலகுவது வேறு. அவ்வீட்டாரைப் பட்டினி போடுவது வேறு. வாசலில் சாமானை வைத்துவிட்டுத் தள்ளி நின்று குரல் கொடுத்தாலே போதும்.

நான்கு, விளைவிப்பவரையும் நெய்பவரையும் இணைத்தல். இடம் மாறிய முடைக்கு இதுவே மருந்து. 2020-இல் பல ஊர்களில், வயலிலிருந்து நேரே வந்த காய்கறிகள் கலப்புத் தொகுப்புகளாகக் கட்டி வீட்டுவாசலில் விற்கப்பட்டன. விவசாயிக்கு விலை கிடைத்தது; உண்பவருக்குக் காய் கிடைத்தது. பால் சங்கங்களும், தேநீர்க் கடைகள் மூடியதால் எஞ்சிய பாலைப் பொடியாகவும் வெண்ணெயாகவும் மாற்றிக் காத்தன. நெசவாளர் சங்கமும் விவசாயிகள் சங்கமும் அருகருகே இருக்கும் இடங்களில், நோய் வருமுன்பே இத்தகைய ஏற்பாட்டைப் பேசி வைத்தல் நலம்.

ஐந்து, கைப்பொருள் முடைக்குச் சிறுகடன். கூலி நின்ற குடும்பத்திற்கு முதற்பட்டியலில் உள்ள பண்டங்களைக் கணக்கில் எழுதிக் கொடுத்து, தறி ஓடத் தொடங்கிய பின் சிறு தவணைகளில் பெறலாம். இதைத் தருமமாகக் கருதிப் பெறுபவரைக் கூசச் செய்யலாகாது. அங்கத்தினரின் உரிமையாகவே அதை எழுத வேண்டும்.

7. முடிவுரை

முடை என்பது பண்டம் இல்லாமை மட்டும் அன்று. பண்டம் ஒரு வீட்டில் குவிந்து மறு வீட்டில் இல்லாமையும் முடையே. முன்னதை நீக்க ஆலையும் வண்டியும் வேண்டும். பின்னதை நீக்க நம் கை சற்றுச் சுருங்கினால் போதும். அடுத்த முறை அச்சம் ஊருக்குள் வரும்போது, கடைவாசலில் நம் பின்னால் நிற்பவரை ஒரு தரம் திரும்பிப் பார்ப்போமாக. அவர் அன்றைய கூலியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு சோப்புக்காக நிற்பவராக இருக்கலாம். அந்த ஒரு சோப்பு அலமாரியில் இருப்பதும் இல்லாததும் நம் பையின் அளவைப் பொறுத்தது.

படிப்பு வட்டத்தில் கலந்து பேசுவதற்குரிய வினாக்கள்

1. முடையின் நான்கு வகைகள் யாவை? 2020-இல் நம் ஊரில் நேர்ந்த முடைகளுள் ஒவ்வொரு வகைக்கும் ஓர் உதாரணம் தருக.

2. இரண்டாம் பகுதியிலுள்ள சோப்புக் கணக்கில், பண்டகசாலை இரண்டாம் வாரத்திலிருந்து மட்டும் "குடும்பத்திற்கு ஒன்று" என வரையறுத்திருந்தால் நிலைமை எவ்வாறு இருந்திருக்கும்? கணக்கிட்டுக் காட்டுக.

3. சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் உள்ள வேறுபாடு என்ன?

4. உங்கள் இல்லத்திற்குரிய மூன்று பட்டியல்களையும், வீட்டுப் பெண்களுடன் கலந்து எழுதி வருக. முதற்பட்டியலில் நீங்கள் எண்ணாத எவற்றை அவர்கள் சேர்த்தார்கள்?

5. நம் சங்கத்தின் எல்லையில், முடை நேர்ந்தால் கடைக்கு வர இயலாத இல்லங்கள் எவை? அவற்றிற்குச் சாமான் கொண்டு செல்லும் பொறுப்பை யார் யார் ஏற்பது?